முனகிய மோட்டாரும் வெடித்த கண்டன்சரும்: கோத்தகிரி மரப்பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, இது மூணாவது கண்டன்சர். இதுவும் போச்சுன்னா மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுடுவேன்" என்று போனில் சொன்னார் பட்டறைக்காரர். நவம்பர் மாதம், விடாத தூறல். குன்னூரிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குக் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கிறது அந்தப் பட்டறை. கதவு, ஜன்னல், பெஞ்சு எல்லாம் செய்வார்கள். சீசன் நேரத்தில் தேயிலைத் தூள் வைத்து விற்கிற சின்ன மரப்பெட்டிகளும் செய்வார்கள். மரம் பெரும்பாலும் சில்வர் ஓக். தோட்டத்தில் நிழலுக்கு நட்டதை வெட்டும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மெஷின் பழசு. ஏதோ ஒரு எஸ்டேட் ஒர்க்‌ஷாப் ஏலத்தில் எடுத்தது. வார்ப்பிரும்பு மேசை, 12 அங்குல வட்ட ரம்பம். இதில் மேசை அசையாது. சாய்வாக அறுக்க வேண்டுமென்றால் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், பிளேடு 45 டிகிரி வரை சாயும். மோட்டார் பிளேடோடு ஒரே பிராக்கெட்டில் மேசைக்கு அடியில் தொங்குவதால் அதுவும் கூடவே சாயும். பழைய த்ரீ பேஸ் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பட்டறையில் இருக்கிற சிங்கிள் பேஸுக்குத் தகுந்த மாதிரி 2 ஹெச்.பி. கோயம்புத்தூர் மோட்டார் ஒன்றை மாட்டியிருந்தார்கள். 230 வோல்ட், 1,440 ஆர்.பி.எம்., முதுகில் ஒரு கண்டன்சர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிற டப்பா).

புகார் இரண்டு விதம். சில நாள் சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. ஆஃப் செய்துவிட்டு பெல்ட்டைக் கையால் ஒரு உலுக்கு உலுக்கிப் போட்டால் சிலசமயம் ஓடும். வேறு சில நாள் முதல் தட்டிலேயே ஜம்மென்று கிளம்பும். ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே லைனை அறுக்கிற சுவிட்ச்) விழுந்துவிடும், அதாவது ட்ரிப் ஆகும், வார்னிஷ் தீய்ந்த வாடை வரும். அப்படிப்பட்ட நாட்களில்தான் இரண்டு கண்டன்சர் வெடித்திருக்கிறது. மூடி பிதுங்கி, உள்ளே இருந்த ஈரத்தாள் பிராக்கெட் முழுக்க ஒட்டிக் கிடந்ததாம். பட்டறையில் எல்லோரும் இரண்டையும் ஒரே வியாதியாகத்தான் பார்த்தார்கள்: "மோட்டார் வீக் ஆயிடுச்சு." நானும் அப்படித்தான் பார்த்தேன்.

இந்த வகை மோட்டாருக்குள் இரண்டு காயில் உண்டு. ரன்னிங் காயில் எப்போதும் லைனில் இருக்கும். ஆனால் அது மட்டும் இருந்தால் நிற்கிற ரோட்டருக்கு (நடுவே சுற்றுகிற பாகம்) எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது, முனகிக்கொண்டே நிற்கும். அதைக் கிளப்பி விடத்தான் ஸ்டார்ட்டிங் காயிலும் கண்டன்சரும். ஷாஃப்டில் இருக்கிற கவர்னர் குண்டுகள் வேகம் முக்கால் பங்கைத் தாண்டியதும் விரியும், அதுவரை பின்மூடியில் இருக்கிற பாயின்ட்டை (சின்னச் சுவிட்ச்) அழுத்தி மூடியிருந்த பிளாஸ்டிக் வளையம் அவற்றோடு சேர்ந்து விலகும், பாயின்ட் திறந்துகொள்ளும். அதோடு ஸ்டார்ட்டிங் காயிலின் வேலை முடிந்தது. அந்தக் கண்டன்சர் சில விநாடி மட்டும் கரண்டைத் தாங்குகிற மாதிரி செய்த சாமான். நிமிடக் கணக்கில் லைனில் விட்டால் கொதித்துவிடும்.

முதல் தடவை

போனதும் மெயினை ஆஃப் செய்து பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இது என் பழக்கம். ரம்பப் பல்லுக்குப் பக்கத்தில் கை வைக்கிற வேலையில், சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வதை நான் நம்புவதில்லை. கண்டன்சரில் மிச்சம் இருக்கிற சார்ஜை ஒரு 100 வாட் பல்பைக் கொடுத்து இறக்கினேன். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிப்பவர்கள் நிறையப் பேர். பொறி பறப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும், டெர்மினல்தான் பாழாகும்.

மோட்டார்மேல் ஒரு கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தூசி உள்ளே போகக்கூடாதாம். சாக்கை அவிழ்த்தால் காற்றுத் துவாரங்களில் சில்வர் ஓக் தூள் மாவு மாதிரி அப்பியிருந்தது. சாதாரண மோட்டார்களை 40 டிகிரி வெப்பம், 1,000 மீட்டர் உயரம் வரை என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். காற்று மெலிசு, சூட்டை அள்ளிக்கொண்டு போகிற சக்தி அதற்குக் குறைவு. குளிர் ஊராக இருப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் குளிர்காற்றையும் சாக்குப் போட்டு அடைத்தால் என்ன செய்வது? சாக்கு உடனே வெளியே போனது.

மெக்கர் (காயிலிலிருந்து கரண்ட் பாடிக்குக் கசிகிறதா என்று காட்டுகிற மீட்டர்) வைத்துப் பார்த்தேன். காயிலுக்கும் பாடிக்கும் நடுவே 0.8 மெகா ஓம். 1 மெகாவுக்குக் கீழே இருந்தால் நான் கரண்ட் கொடுப்பதில்லை. இது காயில் கெட்டதற்கான அடையாளம் இல்லை, ஈரம். பகலில் ஓடிச் சூடான மோட்டார் ராத்திரி ஆறும்போது மூடுபனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மலையில் இது சர்வசாதாரணம். மோட்டாரைக் கழற்றி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் 20 மெகாவைத் தாண்டிவிட்டது.

அப்புறம் மோட்டாரை வேலை மேசைமேல் புல்லி (பெல்ட் ஓடுகிற சக்கரம்) மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரன்னிங் காயில் 1.4 ஓம், ஸ்டார்ட்டிங் காயில் 3.2 ஓம். புதுக் கண்டன்சரில் 150 எம்.எஃப்.டி. (கண்டன்சரின் கொள்ளளவு) என்று போட்டிருந்தது, மீட்டரில் 148 காட்டியது. கவர்னர் பாயின்ட்டில் லைன் அறாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், மீட்டர் 'பீப்' என்றது. எல்லாமே சரியாக இருக்கிறது! நிமிர்த்தி வைத்துப் பார்த்ததுதான் நான் செய்த பெரிய தப்பு என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மோட்டாரில் குறை இல்லையென்றால் லைனைத்தான் பார்க்க வேண்டும். மீட்டர் பெட்டி மேலே சாலையோரத்தில், பட்டறை கீழே பள்ளத்தில். நடுவே 60 மீட்டர் ஒயர், அதுவும் 2.5 ஸ்கொயர் எம்.எம். போகவர 120 மீட்டர் செம்பு என்றால் கிட்டத்தட்ட 0.9 ஓம். மோட்டார் கிளம்பும்போது 50 ஆம்பியர் இழுக்கிறது. 44, 45 வோல்ட் ஒயரிலேயே தொலைந்துபோகும். மீட்டர் பெட்டியில் 226 இருந்தது, ஸ்டார்ட் ஆகிற நொடியில் மோட்டார் டெர்மினலில் 182. வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் இழுவை அதன் வர்க்கத்தில் குறையும்: 230-க்கு 182 என்றால் இழுவை 63 சதவீதம்தான். முனகாமல் என்ன செய்யும்?

1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலை இது, நாமோ 60 மீட்டர் ஒயரில் கருமித்தனம் பண்ணுகிறோம் என்று பட்டறைக்காரரைக் கேலி செய்தேன். 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் இழுத்தோம். ஸ்டார்ட்டில் 208 வோல்ட் நின்றது. மோட்டார் சுவிட்சைத் தொட்டதும் எழுந்தது. "இனி தொந்தரவு இருக்காதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் போன். "தம்பி, மறுபடியும் முனகுது."

காலண்டர் தாள்

ஒயர் மாற்றியது வீண் என்று சொல்ல மாட்டேன், அந்தக் குறை நிஜமாகவே இருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. உடனே ஓடிப்போகாமல் பட்டறையில் இருக்கிற ஆசாரியிடம் பேசினேன். வயது அறுபதுக்கு மேல், மெஷினைத் தினமும் தொடுகிறவர் அவர்தான். "ஐயா, ஒரு உதவி. என்ன நடந்தாலும் அன்னைக்குக் காலண்டர் தாள் பின்னாடி எழுதி வையுங்க. என்ன மரம், என்ன வெட்டு, எப்போ நின்னுச்சு. அவ்வளவு போதும்."

இரண்டு வாரம் கழித்துப் போனபோது கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருந்தார். தச்சுப் பென்சிலில் கொட்டை எழுத்து. 'காலை முனகல். நேர் வெட்டு.' 'முனகல், பெல்ட் தட்டிய பின் ஓடியது. நேர் வெட்டு.' 'பெட்டி மூலை. ட்ரிப் 2 தடவை.' 'பெட்டி மூலை. ட்ரிப்.' அப்படியே கடைவரைக்கும். நேராக அறுத்த நாட்களில் ட்ரிப் இல்லை, முனகல் மட்டும். பெட்டி மூலைக்காகப் பிளேடை 45 டிகிரி சாய்த்த நாட்களில் முனகல் இல்லை, ட்ரிப் மட்டும். இரண்டு கண்டன்சரும் வெடித்தது எப்போது என்று கேட்டேன். இரண்டு தடவையும் பெட்டி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்ததாம்.

முதலில் நான் அதையும் தப்பாகத்தான் படித்தேன். சாய்வு வெட்டில் பிளேடு கடக்க வேண்டிய மரம் அதிகம். ஒரு அங்குலப் பலகை 1.4 அங்குலம் ஆகிவிடும். லோடு கூடுகிறது, ட்ரிப் ஆகிறது என்று நினைத்தேன். ஆனால் ஒரு தாளில் ஆசாரி இப்படி எழுதியிருந்தார்: 'மரம் வைக்கும் முன்னாலேயே விழுந்தது.' மரமே வைக்கவில்லை என்றால் லோடு எங்கிருந்து வரும்?

அந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் இன்றைக்கும் டீ வாங்கிக் கொடுப்பேன்.

இரண்டாம் தடவை

இந்தத் தடவை மோட்டாரைக் கழற்றவில்லை. மெஷினில் இருந்தபடியே, கண்டன்சருக்குப் போகிற ஒற்றை ஒயரை மட்டும் டங் டெஸ்டருக்குள் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற மீட்டர்) விட்டேன். போன தடவையே செய்திருக்க வேண்டிய சோதனை இது. அப்போது நான் மெயின் ஒயரை மட்டும்தான் பிடித்துப் பார்த்தேன்.

பிளேடு நேராக. சுவிட்ச் ஆன். முனகல். டங் டெஸ்டரில் பூஜ்யம். அதாவது ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கரண்டே போகவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள பெல்ட்டைக் கழற்றிவிட்டு, புல்லியில் கயிறு சுற்றி ஒரு இழுப்பு இழுத்துக் கரண்ட் கொடுத்தேன், ஓடியது. நிறுத்தி, கயிற்றை எதிர்ப்பக்கம் சுற்றி இழுத்தேன். எதிர்ப்பக்கமாகவும் அதே உற்சாகத்தோடு ஓடியது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் போகிற மோட்டாரில் ஸ்டார்ட்டிங் லைன் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெல்ட்டை மாட்டி, பிளேடை 45-க்குச் சாய்த்தேன். மேசைக்கடியில் மோட்டாரும் சாய்ந்தது, பின்பக்கம் தாழ்ந்து புல்லி மேலே ஏறியது. ஆன். ஜம்மென்று கிளம்பியது. கண்டன்சர் ஒயரில் கரண்ட் வந்தது, நல்லது. ஒரு விநாடியில் அது பூஜ்யமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்டன்சர் இன்னும் லைனில். மெயின் ஒயரில் 25 ஆம்பியர், 11-க்குள் இருக்க வேண்டிய இடத்தில். உடனே ஆஃப் செய்தேன். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் மூன்றாவது கண்டன்சரும் போயிருக்கும்.

ஆக, நேராக இருந்தால் பாயின்ட் மூடவில்லை, சாய்ந்தால் திறக்கவில்லை. பாயின்ட்டில் தூசி அடைத்திருந்தால் மூடாது, சரி. பாயின்ட் உருகி ஒட்டிக்கொண்டால் திறக்காது, அதுவும் சரி. ஒரே பாயின்ட் ஒரே நாளில் இரண்டையும் மாறிமாறிச் செய்யுமா? சாய்வை மாற்றினால் வியாதி மாறுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று சறுக்கிக்கொண்டிருக்கிறது.

மோட்டாரை இறக்கி, கண்டன்சரைப் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரை 'பீப்'பில் வைத்து ஸ்டார்ட்டிங் லைனின் இரண்டு நுனியிலும் கிளிப் போட்டேன். தரையில் சாக்கு விரித்து (அதே கோணிச் சாக்குதான்) மோட்டாரைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். புல்லி மேலே: பீப். புல்லி கொஞ்சம் கீழே: நிசப்தம். மேலே: பீப். கீழே: நிசப்தம். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். போன தடவை மேசைமேல் நிமிர்த்தி வைத்து 'எல்லாம் சரி' என்று சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்த்தினால் எப்போதும் பீப்தான்.

புல்லியைப் பிடித்து வெளியே இழுத்தேன், 'டக்'. உள்ளே தள்ளினேன், 'டக்'. ஷாஃப்ட் முன்பின்னாக 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே ஆடியது. நல்ல மோட்டாரில் இப்படித் தளர்வாக ஆடாது. தள்ளினால் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து, விட்டால் திரும்பிவரும்.

முன்மூடியைக் கழற்றினேன். பேரிங் 6205, புதுசாகவே இருந்தது. அதற்குப் பின்னால், மூடியின் குழிக்குள், 52 மில்லி வட்டத்தில் ஒரு நெளிவான ஸ்பிரிங் வாஷர் இருக்க வேண்டும். அப்பளம் பொரிந்த மாதிரி அலையலையாக இருக்கும். ரோட்டர் முழுவதையும் பின்பக்கமாக அழுத்திப் பிடித்திருப்பது அதுதான். குழி காலியாக இருந்தது.

"அண்ணா, பேரிங் எப்போ மாத்தினீங்க?"

"நாலு மாசம் இருக்கும். சத்தம் போட்டுச்சுன்னு கீழே கொண்டுபோய் மாத்தினோம். ஏன்?"

பேரிங் மாற்றியதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. மாற்றிய பிறகு மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியிருக்கிறது. அப்போது பாயின்ட் தகடு தேயாமல் இருந்ததால் அரைகுறையாகவாவது தொட்டிருக்கும். கொஞ்சம் தேய்ந்ததும் அந்த 2 மில்லி இடைவெளி வேலையைக் காட்டிவிட்டது.

இதற்குள் ஆசாரி அலமாரியிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். ஆணி, திருகு, உடைந்த கீல் எல்லாம் கலந்து கிடந்தது. தரையில் கொட்டி விரலால் அளைந்தார். "மோட்டார் திரும்பி வந்தப்போ சாமான் பையில தனியா இது கிடந்துச்சு. எதுக்கோ ஆகும்னு போட்டு வெச்சேன்." நெளிவான எஃகு வளையம். குழியில் வைத்துப் பார்த்தேன், சிக்கென்று உட்கார்ந்தது.

வாஷர் இல்லாததால் ரோட்டர் விருப்பத்துக்கு நகர்ந்திருக்கிறது. பட்டறைத் தரை லேசாகப் புல்லிப் பக்கம் சரிவு. புல்லிகளும் ஒரே கோட்டில் இல்லாமல் பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் பிளேடு நேராக இருக்கிறபோது ரோட்டர் முன்னே போய்விடும், பிளாஸ்டிக் வளையம் பாயின்ட்டை எட்டாது. பெல்ட்டை உலுக்கினால் சிலசமயம் ஓடியதும் இதனால்தான். சாய்த்தால் ரோட்டர் தன் எடையாலேயே பின்னே சறுக்கிவிடும். குண்டுகள் விரிந்து வளையம் பாயின்ட்டைவிட்டு விலகப் பார்த்தாலும் அந்த 2 மில்லி அதைத் தின்றுவிடும், பாயின்ட் அழுந்தியபடியே இருக்கும்.

செய்த வேலை

வாஷரை மண்ணெண்ணெயில் கழுவினேன். நெளிவு சப்பையாகவில்லை என்பதால் அதையே போட்டேன். பாயின்ட் தகடு குழி விழுந்து கறுத்திருந்தது. அதைத் தேய்த்துச் சமாளிக்க மனம் வரவில்லை, கோயம்புத்தூரிலிருந்து புதுசு வரவழைத்தேன்; இரண்டு நாள் ஆனது. ஸ்டார்ட்டிங் காயிலின் வார்னிஷ் ஓரிடத்தில் பழுப்பேறியிருந்தது. ஆனால் ஓம் மாறவில்லை, மெக்கர் 20-க்கு மேல். வைண்டிங் கட்ட வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். பட்டறைக்காரர், "எதுக்கும் கட்டிடலாமே" என்றார். நல்ல காயிலை அறுத்தெறிவதில் எனக்கு உடன்பாடில்லை.

புல்லிகளை நூல் பிடித்து ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தோம். மெஷின் காலுக்கடியில் ஆசாரி சில்வர் ஓக் ஆப்பு சீவி அடித்தார், ரசமட்டத்தில் குமிழி நடுவே நின்றது. சாக்குக்குப் பதிலாக, மோட்டாருக்கு ஒரு சாண் தள்ளி ஒரு தகரத் தடுப்பு வைத்தோம். தூள் நேரே அடிக்காது, காற்று சுற்றிவரும்.

சோதனையில் டங் டெஸ்டர் மறுபடியும் கண்டன்சர் ஒயரில். நேராக: கரண்ட் வந்தது, ஒரு விநாடியில் பூஜ்யம். 45 டிகிரி: வந்தது, பூஜ்யம். பத்துத் தடவை நேராக, பத்துத் தடவை சாய்வாக, நடுநடுவே ஆறவிட்டு. இரண்டு அங்குல சில்வர் ஓக்கை நேராக அறுத்தபோது மெயினில் 11 ஆம்பியருக்குப் பக்கம் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து பாடியில் கை வைக்க முடிந்தது.

பில் எழுதும்போது இரண்டாம் தடவைக்குக் கூலி போடவில்லை, பாயின்ட் தகட்டின் விலை மட்டும். பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கூலிக்குப் பதிலாக ஒரு தேயிலைப் பெட்டியைக் கையில் திணித்தார், 45 டிகிரி மூலையில் நூல்கூட நுழையாது. இப்போது என் 6205 பேரிங்குகள் அதில்தான் இருக்கின்றன.

கிளம்புவதற்கு முன்னால் டெர்மினல் பெட்டி மூடியின் உட்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதினேன்: 'புல்லிப் பக்கம் நெளிவு வாஷர் உண்டு. பேரிங் மாற்றினால் எடுத்துப் போடவும்.' தேதியும் போட்டேன். ஆசாரி படித்துவிட்டு, கீழே காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு வரி சேர்த்தார்: 'மீந்தால் பாட்டிலில் பார்.'